பந்தியில் ஓர் இடம்

அம்மா, அந்த நாற்காலியைக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துக்கோங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும், சக்கரம் நுழைஞ்சிருச்சு. முழங்கால் மேசைக்கு அடியில போகுதா? போகுது! போகுது பாருங்க! நல்லா இருப்பீங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கழுத்துல மாலை கிடக்கேன்னா? கல்யாணப் பொண்ணு இல்லம்மா நான். இந்த வயசுல எவன் வருவான், வந்தாலும் என்கிட்ட பேரம் படியாது. இது பாராட்டு மாலை. மேல மைக்குல இவ்வளவு நேரம் "வீரமங்கை, வீரமங்கை"ன்னு அலறிக்கிட்டிருந்தாங்களே, அது நான்தான். நீங்க அப்பவே கீழ இறங்கி இடம் பிடிச்சுட்டீங்களாக்கும். தப்பே இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவுக்குப் பேச்சு கேக்கவா வர்றோம்?

இருங்க, இந்தக் கேடயத்தை இலை நுனியில வச்சுக்கிறேன். ஃபேன் காத்துல இலை எந்திரிச்சு ஆடுது. ஆ, அடங்கிருச்சு. பாத்தீங்களா, வாங்கின உடனேயே ஒரு பிரயோசனம்.

என் பேர் சந்தனமாரி. எலுமிச்சை சந்தனமாரின்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல சொல்லுவாங்க. மார்க்கெட்டுல எலுமிச்சை மண்டி வச்சிருக்கேன். நீங்க ஊருக்குப் புதுசா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. பழைய ஆளா இருந்தா என்னைப் பாத்ததும் வேற வரிசையில போய் உக்காந்திருப்பாங்க. எனக்குக் கோபம் வரும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. சுத்தப் பொய். எனக்குக் கோபமே வராது. உரக்கப் பேசுவேன், அவ்வளவுதான். மண்டியில மெதுவாப் பேசினா பழம் அழுகிடும்.

ஏ உப்பு! உப்பு இந்தப் பக்கம் வைக்கலை! ஆமா, இங்கதான், இந்த இலைக்கும்தான். வீல்சேர்ல உக்காந்தவ உப்பு திங்க மாட்டாளா?

பாருங்க, இதுதான் நான் சொன்னது. கோபப்பட்டேனா? இல்லல்ல?

உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. பந்தியில உக்காந்து நான் சாப்பிடுறது இன்னிக்குத்தான் முதல் தடவை. நிஜமா. தலையில நரை விழுந்தாச்சு, ஊர்ல பாதிக் கல்யாணத்துக்கு எலுமிச்சம்பழம் என் மண்டியிலேருந்துதான் போகுது, ஆனா நான் பந்தியைப் பாத்ததில்ல. எப்படின்னு கேளுங்க. எங்க ஊர்ல மண்டபம்னா இது ஒண்ணுதான். தாலி கட்டுறது மேல, தெரு மட்டத்துல. சோறு போடுறது கீழ, பள்ளத்துல. நடுவுல இந்தா இந்தப் படி. வெளியூர் மண்டபமும் அதே லட்சணம்தான். பந்தி ஒண்ணு மாடியில இருக்கும், இல்ல பாதாளத்துல இருக்கும். கட்டுறவங்களுக்கு எல்லாம் பசிச்சவனுக்குக் கால் நல்லா இருக்கும்னு ஒரு நினைப்பு.

எனக்குச் சின்னதுலேயே போலியோ. படிப்பும் இப்படித்தான் போச்சு. மூணாங்கிளாஸ் கீழ இருந்துச்சு, நாலாங்கிளாஸ் மாடியில இருந்துச்சு. மூணாங்கிளாஸோட என் படிப்பு முடிஞ்சுது. அப்புறம் மார்க்கெட்டுல சாக்கு விரிச்சு உக்காந்து பழம் பிரிச்சேன். பெரிசு ஒரு குவியல், பொடிசு ஒரு குவியல், அடிபட்டது ஒரு குவியல். உக்காந்து பாக்குறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டும்மா. வர்றவன் கை முதல்ல தெரியும், முகம் அப்புறம்தான் தெரியும். வாங்கியே தீரணும்னு வந்தவன் கை பழத்தை விடாது. அவன்கிட்ட நான் இறங்கவே மாட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. ஏமாந்து ஏமாந்து கத்துக்கிட்டது. இப்ப என் மண்டியில நான்தான் ஏலம் கூறுவேன்.

கூட்டு வைங்க. ம்ம். அவியல்? வரும்ல? சரி.

பார்சல்னு ஒண்ணு இருக்கே, அதை நீங்க கல்யாணத்துல சாப்பிட்டதுண்டா? நான் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சாப்பிட்டேன். "அக்கா, நீங்க சிரமப்படாதீங்க, நாங்க கொண்டாந்துடுறோம்." அன்பாத்தான் சொல்லுவாங்க. அந்த அன்பைத்தான் என்னால தாங்க முடியலை. சோறு ஒரு பொட்டலம், குழம்பு ஒரு பொட்டலம், பாயாசம் ஒரு பொட்டலம். எல்லாம் ஒரே பையில வரும். வரும்போதே ரசமும் பாயாசமும் உறவாகி இருக்கும். அப்பளம் நமத்துப்போய் ஈரத்துணி மாதிரி கிடக்கும்.

என் தங்கச்சி இசக்கி கல்யாணம் இதே மண்டபத்துலதான். மாப்பிள்ளை பாத்தது நான், பேசி முடிச்சது நான், பந்திக்கு என்னென்ன வைக்கணும்னு சமையல்காரர் சங்கரபாண்டிகிட்ட ஒத்தைக்கு ஒத்தை சண்டை போட்டது நான். இடிச்சக்க துவரன் வேணும்னேன். பலாப்பிஞ்சு பருவம் போச்சுன்னார். எங்கயிருந்தாவது கொண்டா, இல்லன்னா அடுப்பு பத்த வைக்காதேன்னேன். கொண்டாந்துட்டார். கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் கீழ போய்ச் சாப்பிட்டுட்டு வந்து, "துவரன் பிரமாதம் சந்தனமாரி"ன்னு என்கிட்ட சொல்லிட்டுச் சொல்லிட்டுப் போறாங்க. நான் மாப்பிள்ளை அறையில கட்டில் ஓரத்துல தனியா உக்காந்து பொட்டலத்தைப் பிரிக்கிறேன். அதுல துவரன் வைக்க மறந்துட்டாங்க.

அழலை. நான் அழ மாட்டேன். சங்கரபாண்டியை மேல கூப்பிட்டு வச்சு உரக்கப் பேசினேன்.

தூக்கிட்டுப் போறோம்னும் சொல்லிப் பாத்தாங்க. ஒரே ஒரு தடவை ஒத்துக்கிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினாங்க. பாதிப் படியில ஒருத்தன், "மெதுவா, மெதுவா, மூட்டை சாயுது"ன்னான். மார்க்கெட்டுல நான் மூட்டை இறக்கச் சொல்ற ஆளு. என்னையே மூட்டைன்னா? "திருப்பிக் கொண்டு போய் மேல வைங்கடா"ன்னேன். வச்சுட்டாங்க. அதோட சரி.

அந்த அப்பளத்தை இப்பவே உடைச்சுடாதீங்க. சோறு வரட்டும். நானும் உடைக்காமத்தான் வச்சிருக்கேன். நமத்துப்போகாத அப்பளம்! இன்னிக்கு நான் அதை நொறுக்குற சத்தம் அடுத்த வரிசைக்குக் கேக்கணும்.

இந்த மண்டபத்துக்கு முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி. வாசல்ல ஒரு மர நாற்காலி போட்டு உக்காந்திருப்பார், வரும்போது பாத்திருப்பீங்க, வெள்ளை வேட்டி, கையில விசிறி. அப்படி ஒரு மெதப்பு அவருக்கு. கலெக்டர் வந்தாலும் எந்திரிக்க மாட்டார். நான் போய் நின்னேன், அதாவது என் வண்டி நின்னுது. "அண்ணாச்சி, உங்க மண்டபத்துக்கு லிஃப்ட் வைங்க"ன்னேன்.

லிஃப்ட் எனக்கு எதுக்கு? கரண்டு போனா நடுவுல தொங்கணும். எனக்கு வேண்டியது சாய்தளம். சரிவா ஒரு பாதை, வண்டி உருண்டு இறங்குற மாதிரி. ஆனா எடுத்த எடுப்புல சாய்தளம் கேட்டா ஒரு பலகை போட்டுக் கொடுத்து அனுப்பிடுவாங்க. போஸ்ட் ஆபீஸுல அப்படித்தான் பலகை போட்டாங்க. பேரூராட்சி ஆபீஸுல போட்டாங்களே ஒரு சரிவு, அது பெரிய கூத்து. நான் மேல வண்டியை நிறுத்தி ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டி விட்டேன். பழம் துள்ளிக் குதிச்சு, ரோட்டைத் தாண்டி, எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுக்கு அடியில போய் நின்னுது. "இதுல என்னை இறங்கச் சொல்றீங்களே, நான் டீ குடிக்கவா வந்தேன்?"னு கேட்டேன். இடிச்சுட்டு மறுபடி கட்டினாங்க. அன்னியிலேருந்து எனக்கு அதுதான் அளவு. எலுமிச்சம்பழம் மெல்ல உருண்டு, யோசிச்சு யோசிச்சு இறங்கணும். அப்படி இறங்கினாத்தான் அது சாய்தளம்.

சரி, அண்ணாச்சிக்கு வருவோம். லிஃப்டுன்னதும் சிரிச்சார். "சந்தனமாரி, படியில இறங்க முடியாதவங்க இந்த ஊர்ல எத்தனை பேரு?"ன்னார். அப்படிக் கேட்டுட்டுத் திரும்பி அந்தப் படியைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். செலவை நினைச்சு மலைக்கிறார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் ஆளைப் படிக்கிறவ இல்லையா? விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

என்ன செய்தேன் தெரியுமா? எலுமிச்சையை நிறுத்திட்டேன்! இந்த மண்டபத்துல நடக்கிற எந்தக் கல்யாணத்துக்கும் என் மண்டியிலேருந்து ஒரு பழம் போகாது. ஊறுகாய்க்குக் கிடையாது, ஜூஸுக்குக் கிடையாது, மாப்பிள்ளை அழைப்புல பெரியவங்க கையில கொடுக்கிற பழம்கூடக் கிடையாது. எலுமிச்சை இல்லாம ஒரு கல்யாணம் நடக்குமா? நீங்களே சொல்லுங்க. சங்கரபாண்டி ஓடி வந்தார். "மைனி, என் பொழப்பு மைனி"ன்னு நின்னார். "சரிவு வரட்டும், பழம் வரும்"னேன்.

ஆமா, காசிராஜன் மண்டியில வாங்கிக் கல்யாணத்தை நடத்தினாங்கதான். ஆவணி முழுக்க அங்கதான் வாங்கினாங்க. அதனால என்ன? அது பழமா? அண்ணாச்சி உள்ளுக்குள்ள ஆடிப் போயிருப்பார்.

சோறு வைங்க. நடுவுல வைங்க. போதும். பருப்பு. நெய் நல்லா ஊத்துங்க, இதென்ன மருந்தா? ஆ. இப்ப நொறுக்குங்கம்மா அப்பளத்தை! கேட்டுச்சா? ஹா! எதுத்த வரிசைக்காரர் திரும்பிப் பாக்குறார். பாக்கட்டும்.

ஐப்பசி பிறந்ததும் அண்ணாச்சியே ஆள் அனுப்பினார். போனேன். அதே நாற்காலி. "சந்தனமாரி, லிஃப்ட் வேண்டாம். வெளிப்பக்கமா சுத்தி ஒரு சரிவு போட்டுடுவோம். எவ்வளவு நீளம் வேணும்?"னு அவரா கேக்குறார்! முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள நாதஸ்வரம் வாசிக்குது. "லிஃப்டுதான் கேட்டேன், உங்க முகத்துக்காகச் சரிவுக்கு இறங்குறேன்"னேன். "பெரிய மனசு"ன்னார் அண்ணாச்சி. பாத்தீங்களா பேரத்தை? என் எலுமிச்சைக்கு முன்னாடி மண்டபம் மண்டி போட்டுருச்சு.

கட்டி முடிஞ்சதும் பழத்தை உருட்டினேன். அப்படியே புதுப்பொண்ணு நடக்குற மாதிரி, மெல்ல, மெல்ல இறங்குது. மேல இருந்தபடியே கையைத் தட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிபடலை. ரெண்டு பக்கமும் பளபளன்னு கைப்பிடிக் கம்பி வச்சிருக்கார். நான் கேக்கவே இல்லை. வண்டியில போறவளுக்குக் கைப்பிடி எதுக்கு? "இது எதுக்கு அண்ணாச்சி?"ன்னேன். "இருக்கட்டும் தாயி, பிடிச்சு இறங்க நல்லா இருக்கும்"னார். ஆடம்பரம்! காசுள்ளவங்களுக்கு எதைச் செய்தாலும் ரெண்டு பக்கம் பளபளன்னு இருக்கணும்.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே? அவர் முழங்காலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கார், வேளாவேளைக்குச் சாப்பிடுறார். அவர் சாப்பாடுகூட வாசலுக்கே போகுது, அவ்வளவு சொகுசு. சாம்பார் வருது, குழி பறிச்சுக்கோங்க.

சரிவு வந்ததும் சங்கத்துக்காரங்க என் மண்டிக்கு வந்துட்டாங்க. செயலாளர் இளவரசன், பாத்திரக்கடை வச்சிருக்கான், நல்ல பிள்ளை. "அக்கா, ஆண்டு விழாவுல உங்களுக்குப் பாராட்டு. தன்னம்பிக்கைத் தாரகைன்னு பட்டம்"னான். எனக்குச் சுர்ருன்னு... இல்ல, கோபம் இல்ல. "தம்பி, தன்னம்பிக்கையை வச்சுச் சக்கரம் ஏறுமாடா? சிமெண்டு வச்சாத்தான் ஏறும். தன்னம்பிக்கை என்கிட்ட நிறைய இருக்கு, உங்ககிட்டதான் சரிவு இல்லாம இருந்துச்சு"ன்னேன். அப்புறம் 'வீரமங்கை'ன்னான். யாரோட சண்டைக்குப் போனேன், கையில வாளா வச்சிருக்கேன்? கடைசியில கேடயத்துல என்ன எழுதியிருக்கு, நீங்களே படிங்க. 'எலுமிச்சை சந்தனமாரி. சாய்தளம் வாங்கித் தந்தவர்.' எழுத்து பெரிசா இருக்கணும்னும் சொல்லிட்டேன். மைக்குல பேசினவங்கதான் பழைய பட்டத்தை விட முடியாம வீரமங்கைன்னுட்டாங்க. போகட்டும், காத்துல போற பேச்சு. கேடயம்தான் நிக்கும்.

மேடைக்கும் படி இருக்கு. அதுக்குச் சரிவு அடுத்த வருஷம். இன்னிக்கு எல்லாரையும் கீழ இறங்கி வரச் சொல்லிட்டேன். மேடை காலி. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் கீழ என்னைச் சுத்தி நாற்காலி போட்டு உக்காந்தாங்க. மேடையில தனியா குத்துவிளக்கு மட்டும் எரியுது! எனக்கு ஒரே சிரிப்பு.

அதைவிடக் கூத்து காலையில நடந்துச்சு. சரிவுக்கு ரிப்பன் வெட்டினாங்களா, வெட்டினதும் என் வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறாங்க! புது லாரிக்கு வைப்பாங்களே, அதே மாதிரி, திருஷ்டிக்கு. "ஏத்துங்கக்கா"ன்னான் இளவரசன். நான் குனிஞ்சு பாத்தேன். காம்பு கருத்த பழம். காசிராஜன் மண்டிப் பழம்! எனக்குப் பாராட்டு, காசிராஜன்கிட்ட பழம்! கேட்டா, "உங்ககிட்ட வாங்கினா உங்களுக்குத் தெரிஞ்சு போகும், ஆச்சரியமா இருக்கட்டும்னு அக்கா"ங்கிறான். நசுக்கினேன். சாறு பூரா புதுச் சிமெண்டுல ஓடி, சக்கரம் வழுக்கி, மாலையும் நானும் ஒரு பக்கமாத் திரும்பிட்டோம். பயந்துட்டாங்க. "காயட்டும்க்கா, சாப்பாட்டுக்கு இறங்கிக்கலாம்"னாங்க. சரின்னேன். இத்தனை வருஷம் இருந்தாச்சு, ஒரு வேளை இருக்க மாட்டேனா?

இப்பத்தான் கேளுங்க. ரசத்தைக் கையில வாங்கிக்கோங்க, அதைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க.

விழா முடிஞ்சுது. "வாங்கக்கா சாப்பிடப் போவோம்"னு இளவரசன் என் வண்டியைத் தள்ளுறான். சரிவுக்கு வலது பக்கம் திரும்பணும். இவன் இடது பக்கம் திருப்புறான். "ஏ, எங்கடா போற?" "பேசாம வாங்கக்கா, உங்களுக்கு ஸ்பெஷல்." கதவைத் திறக்கிறான். மாப்பிள்ளை அறை! அதே அறை. அதே கட்டிலை ஓரமாத் தள்ளி, ஒரு மேசை, மேல பட்டுத் துணி, நாலஞ்சு இலை, பாட்டில் தண்ணி. தலைவர் கையைக் கழுவிட்டு உக்காந்திருக்கார். "வாங்க வாங்க, சிறப்பு விருந்தினர் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது? கீழ ஒரே கூட்டம், நெருக்கடி. உங்களுக்குன்னு தனியா ஏற்பாடு பண்ணியிருக்கோம்"ங்கிறார்.

தனியா!

அவர் நல்ல மனுஷர்தான். மரியாதைக்குத்தான் செய்தார். எங்க ஊர்ல ஒருத்தரைப் பெரிய ஆளாக்கிட்டா, பந்தியிலேருந்து எடுத்து ரூமுக்குள்ள வச்சுடுவாங்க. அதுதான் வழக்கம். நானும் பெரிய ஆளாயிட்டேன்ல? இலையைப் பாத்தேன். எல்லாம் வச்சிருக்கு. இடிச்சக்க துவரன்கூட வச்சிருக்கு. அதைப் பாத்ததும்தான் எனக்கு...

"தலைவரே"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், ஆனா வெளிய மேளக்காரர் வாசிப்பை நிறுத்திட்டார்னு அப்புறம் சொன்னாங்க. "தலைவரே, நான் கீழ இடம் வேணும்னு கேட்டேன். நீங்க மறுபடியும் மேலேயே வச்சுச் சோறு போடுறீங்க. இது பொட்டலத்தைப் பிரிச்சு இலையில கொட்டினது. எனக்கு நெருக்கடிதான் வேணும். பக்கத்து ஆள் முழங்கை என் இலையில இடிக்கணும். குழம்பு எனக்கு முந்தி எவனுக்கோ போகணும், நான் கத்தணும்!" அப்படின்னுட்டு வண்டியைத் திருப்பினேன். இலையில கை வைக்காம எந்திரிக்கிறது மரியாதை இல்லைன்னு யாரோ சொன்னாங்க. "நான் எங்க எந்திரிச்சேன், உக்காந்தபடியேதான் போறேன்"னேன்.

யாரும் தள்ளலை. நானே போனேன். சரிவு காஞ்சிருந்துச்சு. சக்கரத்துல கையை லேசா வச்சேன். மாலை பறக்குது, பொன்னாடை பறக்குது, கேடயம் மடியில குதிக்குது, நான் இறங்குறேன்ம்மா. எலுமிச்சம்பழம் மாதிரி, உருண்டு, யோசிச்சு யோசிச்சு. கீழ வந்தா சாம்பார் வாசனை, இலைச் சத்தம், சோத்து வாளிச் சத்தம். இடமே இல்ல. எல்லா நாற்காலியிலயும் ஆள். அப்பதான் நீங்க கையைக் காட்டி, "இங்க வாங்க"ன்னு பக்கத்து நாற்காலியை எடுக்கச் சொன்னீங்க. உங்க பேர் என்ன? சரோஜினியா? இனிமே நீங்க எனக்கு மைனி, அண்ணி முறை.

இந்தா, இளவரசன் வர்றான் பாருங்க, சட்டை பூரா வேர்வை. "அக்கா, தலைவர் இன்னும் கையை வைக்கலை, ஒரு வாய் மேல வந்து சாப்பிட்டுட்டு..." "தம்பி, தலைவரைக் கீழ வரச் சொல்லு. அடுத்த பந்தியில இடம் பிடிச்சுக்கட்டும்." "அவர் எப்படிக்கா நின்னு இடம் பிடிப்பார்?" "ஏன், அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" போறான். வருவார், இருந்து பாருங்க.

அங்க பாருங்க மைனி! சரிவுல யாரு இறங்குறது? அண்ணாச்சி! நான் சொன்னேன்ல? வாசல் நாற்காலியை விட்டு எந்திரிக்காத மனுஷன் எந்திரிச்சு வர்றார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியா வச்சு... என்ன ஒரு அலட்டல், ராஜா வர்ற மாதிரி. என்னை மேல கூட்டிட்டுப் போகத்தான் வர்றார். வரட்டும். இன்னிக்கு அவர்கிட்ட ஒரு பேரம் பாக்குறேன்.

இல்லையே, இங்க வரலையே. அந்த வரிசைக்குப் போறார். "பொரியல் வேணுமா? இங்க கூட்டு போடுங்கப்பா. அந்த அம்மாவுக்கு வடை வைங்க"ங்கிறார். இலை இலையாப் பாக்குறார். இந்தா, வந்துட்டார்.

"ரசம் எப்படி இருக்கு சந்தனமாரி?"

"புளிப்பு பத்தலை அண்ணாச்சி. காசிராஜன் பழம்."

சிரிக்கிறார். கண்ணு கலங்கியிருக்கு பாருங்க, தோத்துட்டோம்னு. என்ன சொன்னார், கேட்டீங்களா? "மூணு வருஷம் கழிச்சு என் பந்தியை நானே பாக்குறேன் தாயி, உன் புண்ணியத்துல"ங்கிறார். யார் உங்களைப் பாக்க வேண்டாம்னது? வாசல்ல மெதப்பா உக்காந்திருந்துட்டு! சரி, போகட்டும். தோத்தவர்கிட்ட நான் ஏறிப் பேச மாட்டேன். நாளைக்கு ஒரு மூட்டை நல்ல பழமா அனுப்பி வைக்கணும், பாவம்.

ஏன் மைனி என்னையே பாக்குறீங்க? பாயாசம் வருது, இலையைப் பாருங்க. எனக்கு ரெண்டு கரண்டி! ஊத்துங்க, ஓடட்டும், நான் பிடிச்சுக்கிறேன். ரசம் கலக்காத பாயாசம் மைனி. இப்படியா இருக்கும் இது!

யாரு பின்னாடி? என் வண்டியை இடிக்கிறது யாரு?

பாருங்க, ஒரு பொண்ணு. கையில கைக்குழந்தை, தோள்ல பை. என் இலைக்குப் பின்னாடி வந்து நிக்குது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்குது மைனி. என் இடத்தை! என்ன சொல்றா? "அக்கா, சட்டுனு சாப்பிட்டுட்டு எந்திரிங்க, எனக்குப் பஸ்ஸு இருக்கு"ங்கிறா.

எந்திரிக்கணுமாம்!

ஏன் எல்லாரும் கையைத் தூக்கினபடியே உக்காந்துட்டீங்க? நீங்க ஏன் அவளை முறைக்கிறீங்க மைனி? விடுங்க, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. ஏ பொண்ணு, நீ ஏன் நாக்கைக் கடிக்கிற? சக்கரத்தை இப்பதான் பாத்தியா? பாக்காட்டி என்ன, சரியாத்தான் சொன்ன. இத்தனை வருஷத்துல என்னை எவளும் எந்திரின்னு சொன்னதில்ல. எல்லாரும் உக்காருங்க, உக்காருங்க, நீங்க சிரமப்படாதீங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. என் இடத்துக்கு இன்னிக்குத்தான் ஒருத்தி போட்டிக்கு வந்திருக்கா. இன்னொரு தடவை சொல்லு தாயி. நல்லா உரக்கச் சொல்லு, மேல தலைவருக்குக் கேக்குற மாதிரி.

இப்ப கேட்டுக்கோ. பாயாசம் முடிக்கணும். அப்புறம் மோர் இருக்கு, மோருக்கு ரெண்டாவது தடவை சோறு வாங்குவேன். அதுக்கப்புறம்தான் இந்த இடம்.

என்ன? பாயாசத்தோட விட்டுடணுமா? பஸ்ஸு போயிருமா? ஏய், நீ நல்லாப் பேசுறியே! குழந்தையை இங்க என் மடியில கொடு, கேடயத்தை நீ பிடி. சரி, உனக்காக இறங்குறேன். மோர் ஒரே ஒரு தடவை. அதுக்குக் கீழ ஒரு சொட்டு குறைக்க மாட்டேன்.